சேர்க்காத மல்லி

கேஸை மூடினேன். மூடினேன்தான். பாலை இறக்கினேன், அடுப்புக் குமிழைத் திருப்பினேன், குனிந்து சிலிண்டரையும் மூடினேன். இல்லை, குனிந்தது நேற்று. நேற்றுக் குனிந்தபோதுதான் இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. இன்றைக்குப் பிடிக்கவில்லை, அப்படியென்றால் இன்றைக்குக் குனியவே இல்லையா? வீட்டைப் பூட்டும்போதே எதையோ மறந்துவிட்டுக் கிளம்புகிறாய் என்று மனசு சொன்னது. சேதராப்பட்டில் இருக்கிற கம்பெனிக்கு வந்து, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வாசனை ரூமில் சுவரை ஒட்டின என் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. மற்றவர்களுக்கு இந்தப் பாடு கிடையாது. கேஸ் கசிந்தால் வாசல் தாண்டுமுன் மூக்கு சொல்லிவிடும். எனக்குச் சொல்ல மூக்கு இல்லை. மூக்கு இருக்கிறது, மூக்குத்தியோடு லட்சணமாகவே இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை. சோப்புக்கும் பவுடருக்கும் ஸ்ப்ரேக்கும் வாசனை தயாரித்துக் கொடுக்கிற கம்பெனி இது. தயாரித்த வாசனை தேறுமா தேறாதா என்று மோந்து பார்த்துச் சொல்வது என் வேலை. மாசி மாதத்திலிருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரிவதில்லை. இப்போது வைகாசி. இது இந்த ரூமில் இருக்கிற யாருக்கும் தெரியாது. எதிரே உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் கண்ணபிரான், இன்றைக்குத் தேர்ந்தெடுக்கிற வாசனையை ஸ்ப்ரேயாக விற்கப்போகிற சென்னைக் கம்பெனிக்காரர், அவருக்குத் தெரியாது. வாசனைகளை உருவாக்குகிற லூர்துநாதன் சாருக்குத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அளந்து கலக்கிற ஃபர்ஹானாவுக்கும் தெரியாது. பால் குக்கரை இறக்கும்போது விசில் வந்ததே, அதற்கப்புறம் என்ன செய்தேன்? செருப்பு, சாவி, பை. பூட்டைத் தொடும்போது பக்கத்து வீட்டுக் கலாவதி வந்து பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்று ஏதோ ஆரம்பித்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மோட்டார் ரிப்பேர், மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று நீட்டி முழக்கினாள். நான் பூட்டைப் பார்த்தபடி ம், ம் என்றேன். கம்பெனி வேன் போய்விட்டது. என் வீட்டுக்காரர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்கிறது.

சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. காய்ச்சல் விட்டதும் ஒரு டம்ளர் காபி போட்டு ஆசையாக வாயருகே கொண்டுபோனேன். வெந்நீர். கசப்பான வெந்நீர். பொடி பழசாகிவிட்டது என்று டப்பாவோடு கொட்டினேன், புதுப்பொடி வாங்கினேன், அதுவும் வெந்நீர். சளி போனால் வந்துவிடும் என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்தேன். சளி போயிற்று. பிறகு யாருக்கும் சொல்லாமல் காது மூக்கு டாக்டரிடம் போனேன். "வந்தாலும் வரும்மா, வராமலும் போகும்" என்றார். மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். அதற்கப்புறம் நான் பிழைப்பது கண்ணால்தான். ஃபர்ஹானாவுக்கு வாசனை பிடித்தால் இமை தானாக மூடும், பிடிக்காவிட்டால் இடது புருவம் மட்டும் ஏறும். லூர்துநாதன் சார் பேனாவை மூடிப் பையில் சொருகினால் சரக்கு நன்றாக வந்திருக்கிறது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதில் என்ன போட்டார்கள் என்று முந்தின நாள் காதில் விழுந்ததையும் சேர்த்துக்கொண்டு, நான் வாயைத் திறப்பேன். இதுவரை ஒன்றும் தப்பாகவில்லை. வீட்டில்தான் தப்பாகிறது. போன வாரம் தேங்காய்ச் சட்னி. "என்னாடி இது, புளிக்குது?" "எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்." "சட்னிக்கு யாராச்சும் எலுமிச்சம்பழம் பிழிவாங்களா?" "நான் பிழிவேன்." பாவி மனுஷன் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆபீஸில் அன்றைக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லையாம். அழுகையாக வந்தது, ஆனாலும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வார்த்தை, "அப்ப வேலைய வுட்டுடு, வீட்ல கெட" என்றுதான் வரும். கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கு அப்படித்தான் வரும். வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட் அடிக்கலாம் என்றுகூட என்னைக் கேட்டதில்லை. வந்து பார்த்தால் சுவர் பச்சையாக இருந்தது. இங்கே சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்கூட, "தையல்நாயகி மேடம் என்ன சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நான் வாயைத் திறக்கும்வரை ரூமே சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் உண்மை.

முதலில் பேக்கிங்கில் இருந்தேன். ஒருநாள் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டே, சாம்பிராணி வந்து சாமான்களைக் கெடுக்கிறது, மாமனார் மாதிரி, ஆள் போனப்புறமும் ரூமை விட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன். சார் பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார், மேலே வரச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு எல்லா வாசனையும் சொந்தக்காரர்கள்தான். மல்லி வாயாடி நாத்தனார், வாசல்படி ஏறுமுன் குரல் வந்துவிடும். சம்பங்கி பெரிய இடத்து மருமகள், உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள், எல்லாரும்தான் அவளிடம் போகவேண்டும். நார்த்தம்பூ பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண், ஓடிவந்து கையை உதறிவிட்டு ஓடிவிடும். சார் இதையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக்கொள்வார். இந்த ரூமுக்கு வர வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, பவுடர், சந்தனம், பூ எதுவும் கூடாது. வேனில் வருகிற பெண்கள் எல்லாரும் கேட் வந்ததும் தலைப்பூவை எடுத்து, டிரைவருக்கு முன்னால் இருக்கிற பிள்ளையார் படத்துக் கம்பியில் மாட்டிவிடுவோம். பிள்ளையாருக்குத் தினமும் திருவிழா. சாயந்திரம் வாடிப்போன சரத்தை அவரவர் முடிச்சைப் பார்த்து எடுத்துக்கொள்வோம். வேலைக்கு வந்த நாளிலிருந்து என் தலையில் பூ மலர்ந்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதற்காக வருத்தப்பட்டதில்லை. மூக்கைச் சுத்தமாக வைத்திருக்கிற கர்வம் எனக்கு இருந்தது. இன்றைக்கு எதை மறந்தேன்? இஸ்திரிப் பெட்டியா? இல்லை, இது கசங்காத புடவை. கேஸ்தான்.

"அக்கா, ஒண்ணாம் நம்பர்" என்று ஃபர்ஹானா வாசனையில் தோய்த்த காகிதப் பட்டையை நீட்டுகிறாள். வாங்கி ஒரு உதறு உதறுகிறேன், மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிறேன். காகித நுனி மீசை முடி மாதிரி உரசுகிறது, ஈரம் கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை. இழுக்கிறேன். காற்று போகிறது, வருகிறது. ஆளில்லாத வீட்டில் காலிங்பெல் அடிக்கிற மாதிரி. கண்ணபிரான் முதல் கூட்டத்தில் கேட்டது ஞாபகம் இருக்கிறது: "பளிச்னு இருக்கணும் சார், வெள்ளையா இருக்கணும். ஒரு பொண்ணு தலைக்குக் குளிச்சிட்டு மாடி வெயில்ல முடியை ஆத்துற மாதிரி." வெள்ளை என்றால் சுத்தம் என்று நினைக்கிறார். வெள்ளைப் பூவைப் போலக் கள்ளம் உள்ளது வேறு இல்லை. மல்லியோ சம்பங்கியோ, எந்த வெள்ளைப் பூவுக்கும் அடியில் ஒரு சொட்டு அழுகல் இருக்கும், பீரோவில் போடுகிற அந்துருண்டை மாதிரி, இரண்டு நாள் மூடிவைத்த ஈரத்துணி மாதிரி. அதைச் சுத்தமாக எடுத்துவிட்டால் பூ செத்து சோப்பாகிவிடும். ஒரு துளி கூடினாலோ சாவு வீடு. மாமனார் போனபோது கூடத்தில் சம்பங்கி மாலை குவிந்து கிடந்தது. அடுத்த மாதமே நாத்தனார் மகன் ரிசப்ஷன், அதே சம்பங்கி, அதே கடைக்காரன் கட்டினது. நான் மணமேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாமனாரை நினைத்துக் கண்ணைத் துடைத்தேன், எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். அந்த அழுகலுக்கும் பளிச்சுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த வேலை. அதை மூக்கால் மட்டும்தான் நிறுத்தமுடியும், காதில் விழுந்ததை வைத்து நிறுத்தமுடியாது. கடைசியாக நான் எதை மோந்தேன்? எத்தனை தடவை யோசித்தும் பிடிபடவில்லை. ரசமா, டெட்டாலா, வீட்டுக்காரர் சட்டையா? இதுதான் கடைசி, நன்றாக மோந்துகொள் என்று யாரும் சொல்லவில்லையே. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கண்ணைத் திறந்தேன். ஃபர்ஹானா முகத்தில் ஒன்றும் இல்லை, சார் பேனா திறந்தே இருக்கிறது. "சுத்தமா இருக்குது சார். ரொம்ப சுத்தம். சோப்பு போட்டுக் கழுவிட்டு சோப்பையும் கையில வெச்சிருக்கிற மாதிரி" என்றேன். சார் தலையாட்டினார். தப்பித்தேன்.

இரண்டாம் நம்பர் பட்டை எல்லார் கைக்கும் போனது. இதைக் கலக்கும்போது நேற்று நான் பக்கத்தில்தான் நின்றேன். நார்த்தம்பூ தூக்கலாக, அடியில் சம்பங்கி தொட்டும் தொடாமலும். மல்லி வேண்டவே வேண்டாம் என்றார் சார், மல்லி போட்டால் கூந்தல் எண்ணெய் ஆகிவிடுமாம். ஆகவே பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பற்றிப் பேசத் தயாராக இருந்தேன். வாக்கியம்கூட வந்துவிட்டது. அதற்குள் கண்ணபிரான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "சார்! இது, இதுதான் சார். மல்லி! இப்பத்தான் பறிச்ச மாதிரி இருக்குது. ரூமே மல்லியா இருக்கு" என்றார். எனக்குத் திக்கென்றது. ஃபர்ஹானாவைப் பார்த்தேன், இமை மூடியிருந்தது. சார் பட்டையை இழுத்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடியும் இழுத்தார். "ஆமா" என்றார் மெதுவாக. "மல்லி வருது. எங்கேர்ந்து வருது?" இரண்டு மூக்குகள் மல்லி என்கின்றன, மூன்றாவது கண்ணை மூடி ரசிக்கிறது. ஒருவேளை நேற்று நான் போனபிறகு மாற்றினாரோ, ஒருவேளை எனக்குக் காதும் போய்க்கொண்டிருக்கிறதோ? கண்ணபிரான் என் பக்கம் சாய்ந்தார். "மேடம் கையில இருக்கிறதுல இன்னும் தூக்கலா இருக்குது. என்ன சொல்றீங்க மேடம்?" ரூம் சும்மா இருந்தது. எனக்காகச் சும்மா இருந்தது. "மல்லியேதான் சார்" என்றேன். "நாத்தனார் வந்தாச்சு. இன்னும் படியே ஏறல, குரல் தெரு முனையில கேக்குது." கண்ணபிரான் தொடையில் தட்டிச் சிரித்தார். சார் பேனாவை மூடிப் பையில் சொருகினார். அவர் முகம் இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷர், எப்போதும் பல்வலிக்காரர் மாதிரி இருப்பார். இப்போது அந்தப் பல்வலி போன இடம் தெரியவில்லை. "மல்லியை நான் சேர்க்கவே இல்லைம்மா நாயகி. ஒரு சொட்டு போடல. இதும் அதும் சேர்ந்து தானா பெத்துக்கிட்டிருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு எனக்கு அமைஞ்சதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்படி நடக்கும்தான், இரண்டு வாசனை சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும், இந்தத் தொழிலில் எல்லாரும் அதற்காகத்தான் கிடக்கிறார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய பிள்ளைப்பேறு பக்கத்தில் நடக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்ற பொருமலும் இருந்தது.

கண்ணபிரான் சென்னைக்குப் போன் போட்டுக்கொண்டு கதவருகே போனார். ஃபர்ஹானா மட்டும் பட்டையைக் கீழே வைக்கவில்லை. தன் இடத்தில் நின்று மோந்தாள், மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தன் முழங்கை மடிப்பை மோந்துகொண்டாள், மறுபடியும் மோந்தாள். இடது புருவம் ஏறியது. பட்டையை மேஜையில் போட்டுவிட்டு ஏ.சி.யைத் திருப்புகிறவள் மாதிரி என் பின்னால் வந்தாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு என் கழுத்துக்கும் கோட்டுக் காலருக்கும் நடுவே அவள் விரல் ஜில்லென்று பட்டது. முடியிலிருந்து கொண்டை ஊசி ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் உள்ளங்கையை என் மடிக்கு நேராக விரித்துக் காட்டினாள். நேற்று வாங்கி ஈரத்துணியில் சுற்றி ஃபிரிஜ்ஜில் வைத்த பூவாக இருக்கவேண்டும், வெயிலில் வந்த சூட்டிலும் கோட்டுக்குள் இருந்த புழுக்கத்திலும் ஒண்ணாம் நம்பருக்கு அப்புறம் ஒரு மொட்டு பாக்கியில்லாமல் மலர்ந்திருந்தது. மல்லி. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறுந்தலையோடவா போறீங்க?" என்று கலாவதி கேட்டது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. மோட்டார் கதை பேசிக்கொண்டே சொருகியிருக்கிறாள். தலையில் பூ இருப்பது தலைக்கா தெரியும், மூக்குக்குத்தான் தெரியும். இதை எடுக்கத்தான் மறந்தேன். அப்படியானால் கேஸை மூடியிருக்கிறேன். இப்படி ஒரு நேரத்தில் அந்த நினைப்புதான் முதலில் வந்தது, நெஞ்சு லேசாகிவிட்டது, அடுத்த நொடி கனத்துவிட்டது. எப்படி அக்கா மறந்தீங்க என்று ஃபர்ஹானா கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். எலுமிச்சம்பழம் பிழிந்தவள்தானே நான். அவள் அப்படிக் கேட்கவில்லை.

"எப்பலேர்ந்துக்கா?"

"மாசியிலேர்ந்து."

அவள் பூவைச் சுருட்டித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க பேசாம இருங்க" என்றாள் உதடு அசையாமல். பேசாமல் இருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? நார்த்தம்பூ ஒன்றும் மோசமில்லை, பெண்கள் அடித்துக்கொள்வார்கள், மல்லி எங்கே என்று யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. கண்ணபிரான் போனில், "மேடமே ஓகே சொல்லிட்டாங்க" என்று சொல்வது கேட்டது. நாளைக்கு பாட்டிலைத் திறந்து மல்லி இல்லை என்றால் ஆறிப்போய்விட்டது என்பார்கள், வாசனை ஆறும்தானே. நான் இந்த நாற்காலியில் இன்னும் கொஞ்ச காலம் உட்காரலாம். அதற்குள் வந்தாலும் வரும். ஜன்னலைப் பார்த்தேன். சார் முதுகைக் காட்டிக்கொண்டு பட்டையை மோந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிக நேரம் இழுத்தார், அங்கே என் தலை இல்லை, மல்லி குறைந்துகொண்டு வந்திருக்கும், அவர் விடாமல் தேடிக்கொண்டிருந்தார். இவர் இனி இதைத் தேடிக்கொண்டே இருப்பார். நார்த்தம்பூவை ஒரு துளி கூட்டுவார், சம்பங்கியை ஒரு துளி குறைப்பார், அன்றைக்கு வந்தது ஏன் இன்றைக்கு வரவில்லை என்று ரிட்டையர் ஆகிறவரைக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வருது சார், வருது சார் என்று சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். என் மூக்கு போனது நான் செய்தது இல்லை. இது நான் செய்ததாகிவிடும். பயமாகத்தான் இருந்தது. பச்சைச் சுவர் கண்ணில் வந்து போனது.

"சார்" என்றேன். "ரெண்டாம் நம்பர்ல மல்லி இல்ல. மல்லி என் தலையில இருந்தது."

கண்ணபிரான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அட, மேடம்!" என்று சிரித்தார், நான் இன்னொரு நாத்தனார் கதை சொல்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். சார் சிரிக்கவில்லை. ஃபர்ஹானா பையிலிருந்து பூவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் வந்து குனிந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு புதுப் பட்டையைத் தோய்த்துக் கையை வெளியே நீட்டி மோந்தார். முகம் பழைய பல்வலிக்குத் திரும்பியது. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "உன் தலையில மல்லி இருந்தா எனக்கு முன்னாடி உனக்கில்லம்மா தெரிஞ்சிருக்கணும்?" என்றார். "தெரியல சார்" என்றேன். அவர் விளங்காமல் நிற்கிறார் என்று நினைத்து, "எனக்கு எதுவும் தெரியல சார். காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியல" என்றேன். விளங்காமல் இல்லை. "காபி?" என்று கேட்டார். "வெந்நீர் சார்." கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. "இப்ப இது நல்லா இருக்கா இல்லையான்னு நான் யாரைம்மா கேக்கறது?" என்றார். கண்ணபிரான் போனைச் சத்தமில்லாமல் அணைத்துப் பையில் போட்டார். ரூம் சும்மா இருந்தது.

எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டேன். காற்று வரட்டும், எல்லா ஜன்னலையும் திற, பிறகு முதலிலிருந்து மோந்து பார்க்கலாம் என்று சார் ஃபர்ஹானாவிடம் சொன்னார். அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மேஜைமேல் இருந்த சரத்தை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். கதவைத் தாண்டினதும் அதை வாங்கிப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன், பழக்கம். இதழ் மூக்கில் குளிர்ந்தது. கம்பியில் மாட்ட வேனும் இல்லை, பிள்ளையாரும் இல்லை.

"குத்திவிடு" என்று அவளிடம் கொடுத்துத் திரும்பி நின்றேன்.

"இங்க கூடாதேக்கா" என்றாள் அவளும் பழக்கத்தில், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு இனிமே கூடும்" என்றேன்.

ஊசி தலையில் அழுத்தமாக ஏறியது. மத்தியானம்கூட ஆகவில்லை, வேலைநாள், பூ முழுசாக மலர்ந்து என் தலையில் இருக்கிறது. அவள் விலகி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"வருதா?" என்று கேட்டேன்.

"வருதுக்கா" என்றாள். "நல்லா வருது."